கணக்கு வாத்தியார் ரம்மி ஆடினார்: நடத்தைக்கு உடல் சொல்லும் காரணம்

என் பெரியப்பா கணக்கு வாத்தியார். முப்பது வருடத்துக்கு மேல் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். நிகழ்தகவு நடத்தும்போது ஒரு சீட்டுக்கட்டை வகுப்புக்கு எடுத்துப் போவார். 52 சீட்டு, நாலு ராஜா, உருவினால் ராஜா வர 13-இல் ஒரு வாய்ப்பு என்று பலகையில் எழுதிவிட்டு, "இது தெரிஞ்சவன் காசு வச்சு ஆடமாட்டான்" என்பாராம். அவரிடம் படித்தவர்கள் இன்னும் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் விடிய விடியச் சீட்டாட்டம் நடந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர்.

அறுபத்தாறு வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்றார்கள். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்னால் அவரால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது, பெரியம்மா போட்டுவிடுவார். முக்கால் மணி நேரம் போகட்டும், அதே கை டம்ளரிலிருந்து டவராவுக்குக் காபியை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றும். பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் தோள் இளகும். அப்புறம் முகத்தில் களை வரும். கடைசியாக விரல்கள் வழிக்கு வரும்.

இரண்டாவது வருடம் டாக்டர் இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார். நடை நன்றாகத்தான் ஆனது. ஆனால் சில மாதங்களில் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. பணம் கட்டி ஆடும் ரம்மி. பென்ஷன் போனது, சேமிப்புக் கணக்கு காலியானது, கடைசியில் பெரியம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போன பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. "வயசான காலத்துல புத்தி இப்படிப் போகணுமா" என்று சொந்தபந்தம் எல்லாம் பேசியது. நானும் மனதுக்குள் பேசினேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அடுத்த முறை நரம்பியல் டாக்டரிடம் போனபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த மாத்திரை ஆரம்பிச்சதுக்கப்புறம் சூதாட்டம், கண்டபடி சாமான் வாங்குறது, அடக்க முடியாத பசி, இந்த மாதிரி ஏதாவது புதுசா வந்திருக்கா?" பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா அழுதுவிட்டார். டாக்டர் அந்த இரண்டாவது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இரண்டு மாதத்துக்குள் ரம்மி அடியோடு நின்றுபோனது. யாரும் புத்திமதி சொல்லவில்லை, போனைப் பிடுங்கவில்லை.

மனிதன் செய்வதற்கெல்லாம் மூளையின் அமைப்பு, அதில் ஓடும் ரசாயனங்கள், மரபணுக்கள் ஆகியவற்றில் காரணம் தேடும் வழியை உளவியலில் உயிரியல் அணுகுமுறை என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அது ஒரு தலைப்பு. எங்கள் வீட்டில் அது ஒரு மனிதரின் மானத்தைத் திருப்பித் தந்த விஷயம். அது எவ்வளவு தூரம் உண்மை, எங்கே நின்றுவிடுகிறது என்று அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

புத்தகங்கள் இதை வழக்கமாக ஃபினியஸ் கேஜிடமிருந்து தொடங்கும். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெடிமருந்தைக் குழிக்குள் இடித்துக்கொண்டிருந்த 25 வயது மேஸ்திரி கேஜின் கன்னத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று பாய்ந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஆறு கிலோ எடை. ஆள் பிழைத்தார். பேச்சும் நினைவும் கெடாமல் இருந்தன. ஆனால் பொறுமைசாலியாக இருந்தவர் முன்கோபியாக, சொன்ன சொல்லில் நிற்காதவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதினார். மூளையின் முன்பகுதி கெட்டால் குணம் கெடும் என்பதற்கு அன்றிலிருந்து இதுதான் உதாரணம். கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய், பல குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல வருடம் ஓட்டினார். நேரம் தவறாமல் கிளம்பி, கரடுமுரடான பாதையில் வண்டியை நடத்தி, பயணிகளிடம் பக்குவமாகப் பேச வேண்டிய வேலை அது. சொன்ன சொல்லில் நிற்காதவரை அந்த வேலையில் யாரும் வருடக்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். அடிபட்ட மூளை, தினசரி ஒழுங்குள்ள ஒரு வாழ்க்கைக்குள் போய், ஏதோ ஓரளவு மீண்டிருக்கிறது.

என் பெரியப்பாவின் கதைக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. நிஜமாகவே ஒரு வேரில். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். பீகாரில் அதற்குப் பெயரே 'பாகல் கீ தவா', பைத்தியத்துக்கு மருந்து. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இந்த வேர் மனநோயாளிகளை அமைதிப்படுத்துகிறது, ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் ரத்த அழுத்தத்தில் அதன் பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநல மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1954-இல் பலனை வெளியிட்டார்.

மருந்து வேலை செய்தது தெரிந்தது. எப்படி என்பது தெரியவில்லை. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கப் போட்டு, கல்போல அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் காது நிமிர்ந்தது. முயல் எழுந்து ஓடியது. மூளையில் எல்-டோபா, டோபமைன் என்ற ரசாயனமாக மாறும். வேறொரு ரசாயனம் தயாராகும் வழியில் வந்துபோகும் இடைப்பொருள் என்றுதான் அதுவரை டோபமைனை நினைத்திருந்தார்கள். அதற்கே தனி வேலை உண்டு என்று 1957-58-இல் கார்ல்சன் காட்டினார். 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

அசையாமல் உட்கார்ந்த முயலைப் பார்த்தால் பார்க்கின்சன் நோயாளி நினைவுக்கு வருவார். 1960-இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச், பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, அசைவை நடத்தும் பகுதியில் டோபமைன் வெகுவாக வற்றிப்போயிருந்தது. மறுவருடமே படுக்கையோடு கிடந்தவர்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். எழுந்து உட்கார முடியாதவர்கள் நடந்தார்கள். இன்றைக்கும் பார்க்கின்சனுக்கு முதன்மையான மாத்திரை அதுதான். பெரியப்பா காபி ஆற்றியதும் அதனால்தான். இதில் நம் ஊர்ப் பங்கும் ஒன்று உண்டு. 1937-இல் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இந்த எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அது ஒரு பெரிய நோய்க்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

இதுவரை உயிரியல் விளக்கம் கம்பீரமாக நிற்கிறது. இன்ன இடம், இன்ன பொருள், குறைந்தால் இன்னது நடக்கும், கொடுத்தால் சரியாகும். ஆனால் ரம்மி?

டோபமைன் அசைவுக்கு மட்டும் அல்ல. சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் செல்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று பழக்கிய பின், சாறு வரும்போது துடிக்கவில்லை. விளக்கு எரியும்போதே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராத அன்று, சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு சட்டென்று அடங்கியது. அதாவது டோபமைன் இங்கே இன்பத்தின் அளவு அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் கணக்கு. நினைத்ததைவிட நல்லது நடந்தால் ஏறும். நினைத்தது நடக்காவிட்டால் இறங்கும். அந்த ஏற்றத்தில் 'இதை மறுபடி செய்' என்று கற்கிறோம், இறக்கத்தில் 'விட்டுவிடு' என்று கற்கிறோம். 'டோபமைன் இன்ப ரசாயனம்' என்றும், அதை ஒருநாள் நிறுத்திவைத்து மூளையைச் சுத்தம் செய்யலாம் என்றும் இப்போது வீடியோக்களில் பேசுவது இந்த ஆய்வோடு ஒட்டாத பேச்சு. அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுக்க நீக்கிப் பார்த்தார். இனிப்பை வாயில் வைத்தால் அவை ரசித்து நாக்கைச் சுழற்றின. ஆனால் எதிரே இருக்கும் உணவைத் தேடிப் போய்த் தின்னவில்லை. ருசி இருந்தது, நாட்டம் போய்விட்டது.

இனி பெரியப்பாவின் இரண்டாவது மாத்திரைக்கு வருவோம். எல்-டோபா, மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற மூலப்பொருள். அந்த இரண்டாவது மாத்திரை வேறு வகை. டோபமைன் போய் ஒட்டும் இடங்களில் டோபமைனைப் போலவே தானே போய் ஒட்டிக்கொள்ளும். பார்க்கின்சனில் அசைவுக்கான பகுதி முதலில் வறண்டுபோகும். நாட்டத்துக்கும் கற்றலுக்குமான பகுதி அவ்வளவாகக் கெடாமல் இருக்கும். வறண்ட வயலுக்கென்று மடையைத் திறந்தால் பக்கத்து வயலில் பயிர் மூழ்கும் இல்லையா, அதுதான் இங்கே நடக்கிறது. ஷுல்ட்ஸின் குரங்கில் பார்த்த அந்த 'இறக்கம்' இப்போது சரியாக நிகழாது. தோற்றால் மூளைக்கு உறைக்க வேண்டும். மாத்திரை அந்தப் பள்ளத்தை நிரப்பிவைத்திருக்கிறது. 2004-இல் மைக்கேல் ஃபிராங்க் குழு இதைச் சோதனையாகவே செய்து காட்டியது. மருந்து எடுத்திருக்கும்போது பார்க்கின்சன் நோயாளிகள் வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றார்கள், தோல்வியிலிருந்து கற்கவில்லை. மருந்து எடுக்காதபோது அது தலைகீழாக இருந்தது.

பெரியப்பா பின்னாளில் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "தோத்துக்கிட்டே இருக்கோம்னு நல்லாத் தெரியும்பா. கணக்குப் போட்டு நோட்டுல எழுதிக்கூட வச்சேன். ஆனா அது எனக்கு வலிக்கவே இல்ல." நிகழ்தகவு அவர் தலையை விட்டுப் போகவில்லை. அந்த அறிவு கையைத் தடுக்க வேண்டுமென்றால் தோல்வி வலித்திருக்க வேண்டும்.

அப்படியானால் மாத்திரைதான் முழுக் காரணமா? இங்கேதான் நிதானம் வேண்டும். 2010-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை விசாரித்தார்கள். இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் சூதாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவது, அடங்காத தீனி, காமவேட்கை என்று ஏதோ ஒரு கட்டுமீறல் 17.1 சதவீதம் பேருக்கு இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் எடுத்தவர்களில் ஆறில் ஐந்து பேர் தப்பித்திருக்கிறார்களே? மாட்டிக்கொண்டவர்களிடம் வேறு சில விஷயங்களும் அதிகமாகக் காணப்பட்டன: வயது குறைவு, திருமணமாகாமை, புகைப்பழக்கம், குடும்பத்தில் சூதாட்ட வரலாறு, கனடாவில் இல்லாமல் அமெரிக்காவில் வாழ்வது. இந்தப் பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வயது உடலைச் சேர்ந்தது. குடும்ப வரலாறு பாதி மரபணு, பாதி வளர்ப்பு. திருமணமும் வாழும் நாடும் எந்த செல்லுக்குள்ளும் இல்லை. பெரியப்பாவுக்கே பத்து வருடம் முன்னால் இந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் பணம் வைத்து ஆட அப்போது அவர் கையில் ஸ்மார்ட்போன் கிடையாது. பெரியம்மாவுக்குத் தெரியாமல் சீட்டாட ஊரில் ஒரு இடமும் கிடையாது. மூளையில் வேகம் ஏறியது மாத்திரையால்; அந்த வேகம் ஓடப் பாதை போட்டுக் கொடுத்தது வெளியே இருந்த உலகம்.

இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்தால் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் வேதனையும் வரலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்; குறைக்க முறை இருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

பார்க்கின்சனில் கிடைத்த வெற்றியின் தெம்பில் உயிரியல் அணுகுமுறை ஒரு தவறும் செய்தது. அது மனச்சோர்வு விஷயத்தில். அதற்கும் தொடக்கம் ரெசர்பைன்தான். ரத்த அழுத்தத்துக்கு அதை எடுத்த சிலர் சோர்ந்துபோனார்கள். ரெசர்பைன் மூளையில் செரட்டோனின் போன்ற ரசாயனங்களைக் குறைப்பதும் 1955-இல் தெரிந்தது. மறுபக்கம், காசநோய்க்காகக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து அதே ரசாயனங்களைக் கூட்டியது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் அதை எடுத்த நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள். குறைந்தால் சோர்வு, கூடினால் உற்சாகம். டோபமைனும் பார்க்கின்சனும் போலவே இருக்கிறதே! 1965-இல் இது முறையான கருதுகோளாக எழுந்தது. 1987 கடைசியில், செரட்டோனினைக் கூட்டும் புரோசாக் என்ற மனச்சோர்வு மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, 'மனச்சோர்வு என்றால் செரட்டோனின் குறைபாடு' என்பது உலகம் முழுக்கச் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

ஆனால் பார்க்கின்சன் மூளையைத் திறந்தால் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்தது. மனச்சோர்வில் அப்படி ஒன்றை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. மாத்திரை செரட்டோனினைச் சில மணி நேரத்தில் கூட்டிவிடுகிறது. மனம் லேசாக வாரக்கணக்கில் ஆகிறது. எளிய பற்றாக்குறை என்றால் ஏன் அந்தத் தாமதம்? ரெசர்பைன் எடுத்தவர்களின் பழைய பதிவுகளைப் பின்னாளில் புரட்டியவர்கள், பலருக்கு வந்தது மந்தமும் அயர்ச்சியுமே, மனச்சோர்வு நோய் அல்ல என்று வாதிட்டார்கள். 2022-இல் ஜோஆனா மான்கிரீஃப் குழு அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளை அலசி, செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்று எழுதியது. அதைப் படித்துவிட்டு 'மாத்திரையே ஏமாற்று' என்று கிளம்பியவர்களும் தவறு செய்தார்கள். 522 ஆய்வுகளையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பில், சோதித்த 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. பலனின் அளவு பெரிதல்ல. ஆனாலும் பலன் உண்டு. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது என்பதற்காக, உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா.

மரபணு விஷயத்திலும் இப்படித்தான். 2015-இல், ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளை, சுமார் 1 கோடியே 45 லட்சம் ஜோடிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மனிதப் பண்புகளில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதத்துக்கு மரபு காரணம் என்று வந்தது. 'என் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது' என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கூட்டத்துக்குள் ஏன் ஒருவர் இன்னொருவரைப் போல இல்லை என்பதைப் பற்றிய எண் இது, தனி ஒருவரைப் பிரித்துச் சொல்லும் எண் அல்ல. 'மனச்சோர்வு மரபணு' என்று ஒற்றை மரபணுவைப் பிடித்துக்கொண்டு வந்த ஆய்வுகள் பல, பெரிய தரவில் 2019-இல் சோதித்தபோது நிற்கவில்லை.

மரபு என்றாலே தலையெழுத்து என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் ஃபீனைல்கீட்டோனூரியா. ஒரே மரபணுவில் வரும் கோளாறு. உணவுப் புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற பொருளை டைரோசினாக மாற்றும் நொதி வேலை செய்யாது. (அந்த டைரோசினிலிருந்துதான் டோபமைனே உருவாகிறது.) ஃபீனைல்அலனின் ரத்தத்தில் தேங்கி, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும். 1934-இல் நார்வேயில் ஆஸ்பியோன் ஃபெல்லிங் என்ற டாக்டரிடம் ஒரு தாய் மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல டாக்டர்கள் கைவிரித்த பிறகும் அந்தத் தாய் விடவில்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறியதைக் கண்டு ஃபெல்லிங் பின்தொடர்ந்தார், நோய் பிடிபட்டது. 1950-களில் இங்கிலாந்தில் ஹார்ஸ்ட் பிக்கெல் ஃபீனைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. இன்று பல நாடுகளில் பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே உணவை மாற்றிவிடுகிறார்கள். பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போகிறது. மரபணு அப்படியே இருக்கிறது. மாறியது தட்டில் இருக்கும் சோறு.

தமிழில் 'குணம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். 'அவன் குணமே அப்படி' என்கிறோம்; 'காய்ச்சல் குணமாகிவிட்டது' என்றும் சொல்கிறோம். முதலாவதை மாறாதது என்றும் இரண்டாவதை மாறக்கூடியது என்றும் நினைத்துப் பேசுகிறோம். பெரியப்பா விஷயத்தில் முதலாவது என்று நாங்கள் முடிவுகட்டியது இரண்டாவதாக இருந்தது. அந்த ஒரு வருடம் அவரிடம் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்த சொந்தக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உடம்பு இப்படியும் செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். டாக்டர் கேட்ட அந்தக் கேள்வியை மருந்துச்சீட்டு எழுதிய அன்றே கேட்டிருந்தால், வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், பாதி அழுகை மிச்சமாகியிருக்கும்.

வளையலை மீட்கும் பேச்சு வந்தபோது என் அண்ணன், "அப்பா, அது மாத்திரை செஞ்ச வேலை, பணத்தை நான் கட்டுறேன்" என்றார். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னதை அவர் முழுக்க நம்பினார். நரம்பு செல் படம் வரைந்து எனக்கே விளக்கியிருக்கிறார். ஆனாலும் மாதாமாதம் பென்ஷன் வந்த அன்று அவரே நடந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். பதினான்கு மாதம் ஆனது. கடைசி மாதம் நானும் கூடப் போனேன். மாத்திரை நேரம் தவறியிருந்ததால் கை நடுங்கியது. கடைக்காரர் வாங்கி உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ரசீதில் தானே கையெழுத்துப் போட்டார். ரொம்ப நேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.